தாங்குமா?

ஒரு பொருளை வாங்கும்போது அதன் விலை என்ன என்று கேட்கிறோம். வாங்கிய பின்னர் அது நம்மிடம் என்னென்ன கேட்கும் என்று பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பசுவை வாங்கியவரை விடியுமுன் எழுப்புவது பசு. கிணறு வெட்டியவரைக் கோடைதோறும் தூர்வார அழைப்பது கிணறு. பொருள் நமக்கு உரிமையாவது ஒரு பாதி. நாம் அதற்குக் கடமைப்படுவது மறுபாதி. முதற்பாதியைக் கடையில் பெற்றுக்கொள்கிறோம். மறுபாதியை வீட்டில் நாளடைவில்தான் கற்றுக்கொள்கிறோம்.

இந்த உண்மையை எனக்குக் கற்பித்தது ஒரு மிதிவண்டி. இன்னும் சரியாகச் சொன்னால், மிதிவண்டியின் சட்டகம். சைக்கிள் கடைகளில் 'பிரேம்' என்று வழங்கும் அந்த எலும்புக்கூடு என் வண்டியில் இரும்பாலோ அலுமினியத்தாலோ ஆனதன்று. கார்பன் இழையால் ஆனது. அதுவும் விலை மலிந்தது. எந்த நிறுவனத்தின் பெயரும் பொறிக்கப்படாதது. மூன்றரை ஆண்டுகளாக அது என்னிடம் இருக்கிறது. அதனோடு பழகிய அனுபவத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மிதிவண்டி ஓட்டாதவர்களுக்கும் இதில் ஏதேனும் கிடைக்கும் என்பது என் நம்பிக்கை.

மலையும் வண்டியும்

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பகுதியில் சாலை ஒன்று ஏறும், அல்லது இறங்கும். சமமாகக் கிடக்கும் சாலை அரிது. தார்ச்சாலையை விட்டு விலகினால் காப்பித் தோட்டங்களுக்குள் செல்லும் மண்பாதைகள். மழையில் சேறு, வெயிலில் சரளைக்கல், எப்போதும் மர வேர்கள். என் இளமையில் நான் ஓட்டிய கறுப்பு வண்டி 20 கிலோவுக்குக் குறையாதது. சமவெளியில் அது நெல் மூட்டையையும் சுமந்தது, என்னையும் சுமந்தது. மலைக்கு வந்தபின் நான் அதை ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம். ஐம்பதைக் கடந்த முழங்கால்கள் அந்தத் தள்ளுதலுக்கு மறுப்புத் தெரிவித்தபோதுதான், இலேசான மலை மிதிவண்டி ஒன்றைப் பற்றி எண்ணத் தொடங்கினேன்.

மலைப்பாதைக்கென்றே ஒரு மிதிவண்டி உருவானது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்றொரு மாவட்டம் உண்டு. 1970களில் அங்கிருந்த இளைஞர் சிலர், பருத்த டயர் கொண்ட பழைய வண்டிகளை மலைமேல் ஏற்றிச் சென்று, மண்பாதை வழியே பாய்ந்து இறங்கினர். 1976ஆம் ஆண்டு அது ஒரு பந்தயமாகவே ஆயிற்று. அப்பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். இறக்கத்தில் பின்சக்கரத்தின் பிரேக் அளவுகடந்து சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். எனவே இறங்கிய பின் புதிய கிரீசை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தது. 'மீண்டும் அடைத்தல்' என்பதே அப்பெயரின் பொருள். மறு ஆண்டு ஜோ பிரீஸ் என்பவர் இத்தகைய ஓட்டத்துக்கென்றே ஓர் உருக்குச் சட்டகத்தைப் புதிதாகச் செய்தார். 1981இல் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்ட மலை மிதிவண்டி விற்பனைக்கு வந்தது. மலை மிதிவண்டியின் முதல் பந்தயமே பழுதுபார்ப்பின் பெயரைத் தாங்கி நின்றது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

கரியின் கதை

கார்பன் என்பது கரி. அடுப்பில் எஞ்சும் கரியும், பென்சிலின் கறுப்பும், வைரத்தின் ஒளியும் ஒரே தனிமத்தின் வெவ்வேறு கோலங்கள். 1879ஆம் ஆண்டு எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி, அதைக் கண்ணாடிக் குமிழுக்குள் ஒளிரச் செய்தார். அந்தக் கரி நூல் ஒளி தந்தது, வலிமை தரவில்லை. வலிமை தரும் கரி இழை பிறக்க இன்னும் ஏறத்தாழ 80 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1958இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் என்னும் அறிவியலார் மிக உறுதியான கரி இழைகளை ஆய்வுக்கூடத்தில் கண்டார். அதையொட்டிய ஆண்டுகளில் ஜப்பானின் ஒசாகா நகரில் அகியோ ஷிண்டோ என்பவர், பாலி அக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை நூலிலிருந்து கரி இழை செய்யும் வழியைக் கண்டறிந்தார். 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வகத்தார் அதன் வலிமையைப் பெருக்கினர். 1971இல் ஜப்பானின் டோரே நிறுவனம் அதை வணிக அளவில் செய்யத் தொடங்கியது.

மலையூர்க் கடைகளில் குளிருக்கு விற்கும் அக்ரிலிக் ஸ்வெட்டரை நாம் அறிவோம். அந்த நூலுக்கும் இந்த இழைக்கும் மூலம் ஏறக்குறைய ஒன்றே. நூலை முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை சூடேற்றிப் பக்குவப்படுத்துகிறார்கள். பின்பு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1,000 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வாட்டுகிறார்கள். கரியல்லாத பெரும்பகுதி ஆவியாகி நீங்குகிறது. எஞ்சும் இழை மனிதத் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆயினும் ஒரே எடையுள்ள உருக்கைக் காட்டிலும் பன்மடங்கு இழுவிசையைத் தாங்க வல்லது.

இழை மட்டும் இருந்தால் அது நூல்தான்; இழுத்தால் தாங்கும், அழுத்தினால் மடங்கும். ஆகவே இழைகளை இபாக்சி என்னும் பிசினில் தோய்த்துத் தாள்களாக்கி, அடுக்கடுக்காக வைத்து, வெப்பத்தில் இறுக வைக்கிறார்கள். விறகு பிளப்பவருக்கு ஓர் உண்மை தெரியும்: மரம் நெடுக்காகப் பிளக்கும்; குறுக்காகப் பிளக்காது. கார்பனும் அப்படியே. இழை ஓடும் திசையில் அது வலிமையின் உச்சம். மற்றத் திசையில் பிசினின் வலிமையே அதன் வலிமை. எனவே நெடுக்காக ஓர் அடுக்கு, சாய்வாக ஓர் அடுக்கு, குறுக்காக ஓர் அடுக்கு என்று வகுத்து வைப்பதில்தான் செய்பவரின் அறிவு இருக்கிறது. எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தச் சாய்வு என்பது வண்ணத்தின் அடியில் மறைந்துவிடும். வாங்குபவர் கண்ணுக்கு அது ஒருபோதும் தெரியாது.

இந்தப் பொருளின் பயன் மிதிவண்டியோடு முடியவில்லை. 2011இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 787 விமானத்தின் உடல் எடையில் ஏறத்தாழ பாதி இத்தகைய இழைக் கலவைப் பொருள்களே. நம் நாட்டின் தேஜஸ் போர் விமானத்திலும் இவை பெரும்பங்கு வகிக்கின்றன. டாக்டர் அப்துல் கலாம் தம் உரைகளில் அடிக்கடி குறிப்பிட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஐதராபாத்தின் நிஜாம் மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர், ஏவுகணை ஆய்வுக்கூடத்தில் கண்ட இலேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து வியந்தார். கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, 3 கிலோவுக்கும் மேலான உலோகத் தாங்கிகளைக் காலில் கட்டி இழுத்து நடந்த குழந்தைகளைக் காட்டினார். மூன்று வாரங்களில் 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் உருவாயின. எடை குறைவது என்பது வசதியான சிலரின் விளையாட்டு மட்டுமன்று என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

மலிவின் காரணம்

கார்பன் இழையால் ஒரே கூடாக வார்க்கப்பட்ட மிதிவண்டிச் சட்டகம் 1986இல் அமெரிக்காவின் கெஸ்ட்ரல் நிறுவனத்திடமிருந்து வந்தது. அக்காலத்தில் அது செல்வர்களின் பொருள். இன்று சீனத்தின் சியாமென், ஷென்சென் போன்ற நகர்களிலுள்ள தொழிற்கூடங்களிலிருந்து பெயரிடப்படாத சட்டகங்கள் உலகெங்கும் அஞ்சலில் செல்கின்றன. என் சட்டகம் அத்தகையது. வாங்கியபோது அதற்கு நான் கொடுத்தது முப்பதாயிரத்தை ஒட்டிய தொகை. பெயர்பெற்ற நிறுவனத்தின் சட்டகமாயின் மூன்று நான்கு மடங்கு ஆகியிருக்கும். எடை 1,200 கிராமுக்குச் சற்று மேல். ஒரு கையின் இரு விரல்களால் தூக்கிவிடலாம்.

மலிவு என்றால் மட்டம் என்று நாம் உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அது நேர்மையன்று. பெயர்பெற்ற சட்டகமும் பெயரற்ற சட்டகமும் ஒரே விதமாகவே பிறக்கின்றன. பிசின் தோய்ந்த தாள்கள் நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டப்படுகின்றன. தொழிலாளர்கள் அவற்றைத் தம் கையாலேயே, வரைபடத்தைப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். உள்ளே காற்றுப்பை வைத்து, உலோக அச்சில் பூட்டி, வெப்பமூட்டி இறுக்குகிறார்கள். பின்பு தேய்த்து, வண்ணம் பூசுகிறார்கள். இத்தனை உயர்ந்த அறிவியலின் முடிவில் நிற்பது ஒரு தொழிலாளியின் கட்டைவிரல். அந்த விரல் ஒரு தாளைச் சுருக்கமின்றி அழுத்தியதா என்பதில்தான் நம் உயிர் தொங்குகிறது.

அப்படியானால் விலை எங்கே குறைந்தது? ஒரே அச்சைப் பலருக்கும் பொதுவாக வைத்திருப்பதால் வடிவமைப்புச் செலவு குறைகிறது. விளம்பரம் இல்லை, பந்தய வீரர்களுக்குக் கொடை இல்லை, இடையில் கடைகள் இல்லை. இவை போனதில் வருத்தமில்லை. ஆனால் இவற்றோடு இன்னொன்றும் போய்விடுகிறது. பொறுப்பேற்கும் ஒரு முகம் போய்விடுகிறது. ஐ.எஸ்.ஓ. 4210 என்னும் அனைத்துலகத் தரவிதி, மலை மிதிவண்டியின் சட்டகத்தை 1,200 நியூட்டன் விசையால், அதாவது ஏறத்தாழ 120 கிலோ எடைக்கு நிகரான அழுத்தத்தால், இரு மிதிகளிலும் 1,00,000 முறை வருத்திச் சோதிக்க வேண்டும் என்கிறது. என் சட்டகத்தில் அச்சோதனையில் தேறியதாக ஒரு சிறு ஒட்டுத்தாள் இருந்தது. யார் சோதித்தார், எப்போது சோதித்தார் என்று கேட்டால் விடை சொல்ல எவரும் இல்லை. சொல் இருந்தது, சொன்னவர் இல்லை. ஆகவே சரிபார்க்கும் கடமை செய்தவரின் தோளிலிருந்து இறங்கி, ஓசையின்றி வாங்கியவரின் தோளில் ஏறிக்கொள்கிறது. பணத்தில் குறைந்ததை விழிப்பில் கட்டியாக வேண்டும். இதுதான் மலிவின் உண்மையான கணக்கு.

ஓசையைத் தேடி

வாங்கிய ஆறாம் மாதம், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் ஓர் ஓசை எழத் தொடங்கியது. காய்ந்த மூங்கில் முறிவது போன்ற ஓசை. வலக்கால் கீழே போகும்போது ஒருமுறை. சில வேளை இடக்காலுக்கும். சமமான இடத்தில் மௌனம். கார்பன் சட்டகம் உள்ளீடற்றது. வீணையின் குடம் நரம்பின் அதிர்வைப் பெருக்குவது போல, அது எங்கோ எழும் சிற்றொலியைப் பெருக்கி வேறெங்கோ கேட்கச் செய்யும். காதை நம்பிக் காரணத்தைச் சொல்ல முடியாது.

வத்தலக்குண்டில் நாற்பது ஆண்டுகளாக மிதிவண்டி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கார்பன் வண்டியை அவர் அதற்குமுன் தொட்டதில்லை. சட்டகத்தைத் தடவிப் பார்த்து, "இது எனக்குப் புதுசு ஐயா. ஆனா சத்தம் எனக்குப் பழசு" என்றார். பின்பு ஒரு விதி சொன்னார்: "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரெண்டை மாத்திட்டா சத்தம் போகும்; எதனால போச்சுன்னு தெரியாது. திரும்பி வந்தா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." நூலகங்களில் தடித்த நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் ஆய்வு நெறியை அவர் மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

அவ்விதிப்படியே செய்தேன். இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தேன், ஓசை நின்றபாடில்லை. ஆகவே குற்றம் இருக்கையிலோ அதன் கம்பியிலோ இல்லை. மிதிகளைக் கழற்றி வேறு மிதிகளைப் பூட்டினேன், ஓசை இருந்தது. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினேன். ஹேண்டில்பாரின் பேரிங்குகள் அசையவில்லை. பின்சக்கரத்தின் அச்சைத் துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவி, மீண்டும் இறுக்கினேன். கியர் கருவியைத் தாங்கும் சிறு அலுமினியக் கொக்கியையும் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். பல்சக்கரத்தின் திருகுகளைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நாள். ஒவ்வொரு நாளும் அதே ஏற்றம். ஒன்பதாம் நாள் எஞ்சியது ஓர் இடமே: மிதிகளின் அச்சு சுழலும் இடம். கடைக்காரர்கள் அதை 'பி.பி.' என்பார்கள்.

பழைய வண்டிகளில் இவ்விடம் மரையிட்டு இறுக்கப்படும். என் சட்டகத்தில் மரை இல்லை. 41 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில் பேரிங் கிண்ணத்தை வெறுமனே அழுத்திச் செருகியிருந்தார்கள். செய்வது எளிது, எடையும் குறைவு. ஆனால் துளையின் அளவு துல்லியமாக இருந்தால்தான் கிண்ணம் அசையாமல் இருக்கும். திண்டுக்கல்லில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் தம் நுண்ணளவியால் அளந்தார். ஒருபுறம் 41.00; மறுபுறம் 41.12. தலைமுடியின் பருமனை ஒத்த வேறுபாடு. அந்த இடைவெளியில்தான் கிண்ணம் நகர்ந்து முனகிக்கொண்டிருந்தது. இரு கிண்ணங்களும் சட்டகத்தினுள்ளே ஒன்றோடொன்று மரையால் பூட்டிக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. சட்டகத்தின் துளை சற்றுப் பிசகியிருந்தாலும், கிண்ணங்கள் ஒன்றையொன்று பற்றி நேராக நிற்கும். அதை வாங்கிப் பொருத்தினோம். மறுநாள் ஏற்றத்தில் சரளைக்கல்லின் ஓசை மட்டும் கேட்டது.

இறுக்கத்தின் அளவு

அடுத்த தொல்லை இருக்கைக் கம்பி. ஓட்ட ஓட்ட அது மெல்லக் கீழே இறங்கியது. இரும்பு வண்டியாக இருந்தால் ஸ்பேனரை இன்னும் ஒரு சுற்று இறுக்கியிருப்போம். கார்பனில் அது ஆகாது. அதன் குழாய் இழுவிசைக்கு அஞ்சாது. நசுக்கும் பிடிக்கு அஞ்சும். அதனால் முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர் ஒன்று வேண்டும். என் சட்டகத்தில் அவ்விடத்துக்குக் குறித்திருந்த அளவு 5 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கோலின் நுனியில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு அது. எவ்வளவு சிறிது என்று பாருங்கள்! வலிமையான பொருளுக்குத் தேவைப்படுவது மென்மையான கை.

அவ்வளவில் வழுக்காமல் இருக்க, நுண்மணிகள் கலந்த பசை ஒன்று விற்கிறது. அதைத் தடவினால், குறைந்த இறுக்கத்திலேயே கம்பி நின்றுவிடும். இன்னொன்றையும் அறிந்தேன். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால், மின்வேதி வினையால் அலுமினியம் அரிக்கப்படும். மலையின் மூடுபனி ஓயாத நாட்களில் இது மெல்ல நிகழும். கவனியாது விட்டால் கம்பி சட்டகத்தோடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். ஆகவே இரு மாதங்களுக்கு ஒருமுறை கம்பியை உருவித் துடைத்து வைப்பது என் வழக்கமாயிற்று.

ஒரு கோடு

என் தமக்கையின் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன் தந்தை காலமானார். அடக்கத்தின்போதும் அதன் பின்னரும் அவன் அழுததை எவரும் பார்க்கவில்லை. தேர்வுகளை எழுதினான், தாய்க்குத் துணையாக நின்றான், கேட்டதற்கு விடை சொன்னான். "பிள்ளை எவ்வளவு உறுதியாக இருக்கிறான்!" என்று உறவினர் எல்லாரும் வியந்தனர். விடுமுறைக்கு என்னிடம் வந்தபோது, என் வண்டியின்மேல் அவனுக்கு ஆசை பிறந்தது. காப்பித் தோட்டத்துப் பாதைகளில் நாள்தோறும் ஓட்டினான். ஒருநாள் மாலை ஈரமான வேரில் சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பாறைமேல் சாய்ந்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். வண்டியைத் துடைத்தபோது, பின்சக்கரத்துக்குச் செல்லும் இடப்புறக் குழாயில் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு தெரிந்தது.

"வெறும் பெயிண்ட்தான் மாமா" என்றான் அவன். அப்படியும் இருக்கலாம். இங்கேதான் கார்பனின் இயல்பை அறிய வேண்டும். இரும்பு அடிபட்டால் வளையும். வளைந்து நமக்குச் சொல்லும். அலுமினியம் பள்ளம் விழுந்து காட்டும். கார்பனோ பெரும்பாலும் தன் வடிவத்துக்கே திரும்பிவிடும். உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தாலும், வெளியே பளபளப்பு மாறாது. பின்னொரு நாள், இறக்கத்தின் நடுவே, முன்னறிவிப்பு இன்றி அது உடையலாம்.

செய்தி என் தமக்கைக்கு எட்டியது. தொலைபேசியில் அவர் கேட்டது ஒன்றே: "தம்பி, அந்த வண்டி தாங்குமா?" ஒட்டுத்தாளை நம்பி 'தாங்கும்' என்று சொல்வது எளிது. அச்சத்தில் 'தாங்காது' என்று சொல்லி வண்டியைப் பூட்டி வைப்பதும் எளிது. இரண்டும் அறியாமல் சொல்லும் விடைகளே. கணவரை இழந்து ஒரே மகனோடு வாழும் தாயிடம் அறியாத ஒன்றைச் சொல்லலாகாது. "பார்த்துச் சொல்கிறேன் அக்கா" என்றேன். அதுவரை வண்டியை எவரும் ஓட்டவில்லை.

விமானங்களின் கார்பன் பாகங்களைச் சோதிக்கப் பொறியாளர்கள் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு: தட்டிக் கேட்பது. நாங்கள் ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டோம். வலப்புறக் குழாயில் விரல் விரலாக நகர்ந்து தட்டினோம். 'டிக், டிக்' என்று கூர்மையான ஒலி. பின்பு இடப்புறக் குழாயில் அதே இடங்களில் தட்டினோம். கோட்டை நெருங்கியதும் ஒலி மங்கியது. பழுத்த பூசணியைத் தட்டினாற்போல 'தொப்' என்றது. மூன்று விரல் அகலம் தாண்டியதும் மீண்டும் கூர்மை. ஒரு பஞ்சுத் துணுக்கைக் கோட்டின்மேல் இழுத்தோம். ஓரிடத்தில் அது சிக்கி நின்றது. கண்ணுக்குத் தெரியாத இழை ஒன்று முறிந்து நிமிர்ந்திருந்தது.

அவன் நெடுநேரம் அந்த இடத்தையே தட்டிக்கொண்டிருந்தான். பிறகு தாழ்ந்த குரலில், "வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லையே மாமா" என்றான். "தட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது" என்றேன். அன்றிரவு அவன் தன் தந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினான். மருத்துவமனையின் கடைசி வாரத்தைப் பற்றி, தான் கேட்க விரும்பிக் கேளாமல் விட்ட ஒன்றைப் பற்றி, நள்ளிரவு கடந்தும் பேசினான். இடையில் அழுதான். நான் குறுக்கிடவில்லை. 'தாங்குமா?' என்று என் தமக்கை கேட்ட கேள்வி வண்டிக்கு மட்டும் உரியதன்று என்பது அப்போது எனக்கு விளங்கியது.

செப்பனிடுதல்

கோவையில் இழைக் கலவைப் பொருள்களைச் செப்பனிடும் சிறு பட்டறை ஒன்றுக்குச் சட்டகத்தை எடுத்துச் சென்றோம். அங்கே வண்ணத்தை மட்டும் மெல்லச் சுரண்டி எடுத்தார்கள். மேல் அடுக்குகள் இரண்டு முறிந்திருந்தன. அவற்றின் அடியில் பிரிவு. முறிந்த பகுதியை மூடி மறைத்து ஒட்டினால் வலிமை வராது என்று விளக்கினார்கள். பழுதான அடுக்குகளைத் தேய்த்து நீக்க வேண்டும். நல்ல பகுதியை அடையும்வரை படிப்படியாகச் சரிவு போல் தேய்க்க வேண்டும். பின்பு முன்பிருந்த அதே திசைகளில் புதிய இழைத் துணிகளை, ஒன்றைவிட ஒன்று சற்றே அகலமாகப் பிசினோடு அடுக்க வேண்டும். காற்றை உறிஞ்சி அழுத்தி, வெப்பத்தில் இறுக விட வேண்டும். பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்று தழுவிக் கிடக்கும் அந்த அகலத்தில்தான் வலிமை இருக்கிறது. செலவு ஏழாயிரம் ரூபாய். கூடிய எடை 40 கிராமுக்கும் குறைவு. அவ்விடத்தில் வண்ணம் பூச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். செப்பனிட்ட இடம் கண்ணுக்குத் தெரிவதே நல்லது.

வண்டி திரும்பியபின் முதல் மூன்று மாதங்கள் நான் மட்டுமே ஓட்டினேன்; முதலில் சமமான சாலையில், பின்பு ஏற்றத்தில், பின்பு மெல்ல இறக்கத்தில். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் நாணயம் கொண்டு தட்டினேன். ஒலி மாறவில்லை. அதன் பின்னரே என் தமக்கைக்கு விடை சொன்னேன்: "அக்கா, இன்று தாங்கும். நாளைக்குத் தாங்குமா என்பதை நாளைக்குத் தட்டிப் பார்த்துச் சொல்கிறோம்." இது முழுமையான உறுதிமொழியன்று. ஆனால் ஒட்டுத்தாளில் இருந்த உறுதிமொழியைவிட இது மேலானது. இதைச் சொன்னவருக்கு ஒரு முகம் இருக்கிறது. கேட்டவர் மறுநாளும் வந்து கேட்கலாம். இப்போது விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மருமகன் ஓட்டுகிறான். ஏறுமுன் அவனே தட்டிப் பார்க்கிறான், பார்க்காமல் ஏறுவதில்லை.

அன்பு வாசகர்களே, நம் வீடுகளிலும் வளைந்து காட்டுகிறவர்கள் உண்டு. வளையாமல் நிற்கிறவர்களும் உண்டு. வளைகிறவர்களின் துன்பம் நம் கண்ணில் படுகிறது. ஓடிச் சென்று தாங்குகிறோம். வளையாதவர்களை 'உறுதியானவர்' என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முகத்தின் பளபளப்பு மாறாததால், உள்ளே அடுக்கு பிரிந்ததை அறியாமற்போகிறோம். அவர்களிடம் கேட்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு நாணயத்தின் எடையுள்ள மெல்லிய கேள்வி போதும். வரும் ஒலியைப் பொறுமையோடு கேட்கும் செவி போதும். ஒருமுறை கேட்டு நிறுத்திவிடாமல், மறுபடியும் மறுபடியும் அதே இடத்துக்குத் திரும்பி வரும் பழக்கம் வேண்டும்.

எதுவும் என்றென்றும் தாங்கும் என்று எவரும் யாருக்கும் எழுதிக் கொடுக்க இயலாது. உருக்கும் களைக்கிறது, கரியும் பிரிகிறது. நம்மால் கொடுக்கக் கூடியது கவனம் ஒன்றே. அதை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்துவந்தால், விலை மலிந்த பொருளும் நம்மை நெடுந்தூரம் சுமந்து செல்லும்.